தரையிலேயே மூவாயிரம் அடி

ஓசூரில் ஓடுதளத்தில் நிற்கும் விமானத்தின் உயரமானியைப் பார்த்தால், முள் ஏறத்தாழ 3,000 அடியில் இருக்கும். சக்கரம் தரையைவிட்டு ஓர் அங்குலம்கூட எழுந்திருக்காது. முதல் நாள் பயிற்சிக்கு வருபவருக்கு இது கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும். கருவி பழுதில்லை. அது கடல் மட்டத்திலிருந்து அளக்கிறது. ஓசூர் பீடபூமி கடலைவிட ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

இந்த 3,000 அடியோடு கதை முடிவதில்லை. ஏப்ரல் மாதத்துப் பிற்பகலில் இதே விமானத்துக்கு இந்த இடம் கிட்டத்தட்ட 6,000 அடி உயரமாக இருக்கும். உயரமானி 3,000 என்றே காட்டிக்கொண்டிருக்கும். இறக்கையும் எஞ்சினும் அதைவிட இரு மடங்கு உயரத்தில் இருப்பதாக நடந்துகொள்ளும். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வதில் பெரும்பகுதி, கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசங்களைக் கணக்கில் வைத்துக்கொள்ளப் பழகுவதுதான். விமானி என்றதும் கறுப்புக் கண்ணாடியும் துணிச்சலும் நம் நினைவுக்கு வருவதற்கு சினிமா காரணம். என் பார்வையில் நல்ல விமானி ஒரு கணக்குப்பிள்ளை. காற்றுக்கு வரவுசெலவு எழுதுபவர்.

ஓசூரைப் பற்றிப் பேசும்போது விமானம் எங்கிருந்து வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கக்கூடும். சிப்காட், அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன், ரோஜாப் பண்ணைகள் என்றுதான் ஊர் அறியப்பட்டிருக்கிறது. ஆனால் தளி சாலையில் பெலகொண்டப்பள்ளியில், 1990களிலிருந்து ஒரு தனியார் விமானத்தளம் இருக்கிறது. தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்துடையது. ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'தால்' என்பார்கள். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீள ஓடுதளம். இத்தாலியின் பார்ட்டெனாவியா நிறுவனத்தின் பி-68சி என்ற ஆறு இருக்கை, இரட்டை எஞ்சின் விமானத்தை உரிமம் பெற்று இங்கே தயாரித்தார்கள். ராணுவத்துக்கு அல்லாத சிறு விமானங்களை இந்தியாவில் ஒரு தனியார் நிறுவனம் கட்ட முனைந்தது அப்போது புதுமை.

பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த 'ஹன்சா' பயிற்சி விமானத்தின் தயாரிப்பிலும் தால் பங்கெடுத்தது. ஹன்சா 1993இல் முதன்முதலாகப் பறந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் விமானம். உடல் முழுவதும் இழைக்கலவைப் பொருள். அலுமினியத் தகடு இல்லை. எடை ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்து 750 கிலோ. ஒரு சிறிய காரைவிடக் குறைவு. விமானப் பயிற்சிக் கழகங்களுக்காகவே செய்யப்பட்ட இந்த விமானத்தில் ஒரு சின்ன விஷயம் கவனிக்கத்தக்கது: ஹன்சா-3இல் பொருத்திய ரோட்டாக்ஸ் 914 எஞ்சினில் டர்போசார்ஜர் இருந்தது. பீடபூமியில் பிறந்த விமானத்துக்கு அது ஏன் பொருத்தம் என்பதற்கு, காற்றின் கணக்கைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

இறக்கை தரும் தூக்குவிசை இரண்டு விஷயங்களைப் பொறுத்தது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். ஒன்று காற்றின் அடர்த்தி. இன்னொன்று வேகத்தின் இருமடி. அடர்த்தி குறைந்தால் வேகத்தைக் கூட்டித்தான் ஈடுகட்டவேண்டும். அடர்த்தி எதனால் குறையும்? உயரம் கூடினால் குறையும். வெப்பம் கூடினாலும் குறையும். பயிற்சிப் புத்தகங்களில் இவை இரண்டையும் ஒரே எண்ணாக மாற்ற ஒரு குறுக்குவழி உண்டு. உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட 'தரநிலை' வளிமண்டலத்தில் கடல் மட்டத்தில் வெப்பம் 15 டிகிரி. ஒவ்வோர் 1,000 அடிக்கும் 2 டிகிரி குறையும். எனவே 3,000 அடியில் இருக்கவேண்டியது 9 டிகிரி. ஓசூரில் அன்று 33 டிகிரி என்றால், இருக்கவேண்டியதைவிட 24 டிகிரி அதிகம். டிகிரிக்கு 120 அடி வீதம் 2,880 அடி. அதை 3,000உடன் கூட்டினால் 5,880 அடி. இதற்கு 'அடர்த்தி உயரம்' என்று பெயர். முகப்பில் இதைக் காட்டும் முள் கிடையாது. விமானிதான் போட்டுப்பார்க்கவேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே பிற்பகலில் சென்னையில் 39 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் தரநிலையைவிட 24 டிகிரிதான் அதிகம். ஆனால் தொடங்குவது சுழியத்திலிருந்து. அடர்த்தி உயரம் 2,880 அடி. சென்னையில் நாம் வியர்த்துக்கொட்டுவோம், விமானம் நன்றாகவே ஏறும். ஓசூரில் நாம் "அப்பா, இங்கே எவ்வளவு இதமாக இருக்கிறது" என்போம், விமானம் திணறும். மனித உடலுக்கு இதமான காற்றும் இறக்கைக்கு இதமான காற்றும் ஒன்றல்ல. ஈரப்பதம் கூடினாலும் காற்று கொஞ்சம் மெலியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நீராவி மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும்விட எடை குறைந்தது. 'கனத்த காற்று' என்று நாம் மழைக்கு முன் சொல்வது விமானத்தைப் பொறுத்தவரை தலைகீழ்.

5,880 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 16 விழுக்காடு குறைவு. அதே தூக்குவிசை வேண்டுமென்றால் வேகம் 9 விழுக்காடு கூடவேண்டும். அது மட்டும் என்றால் பரவாயில்லை. எஞ்சின் இழுக்கும் காற்றும் மெலிந்ததுதான். டர்போசார்ஜர் இல்லாத எஞ்சின் இந்த நிலையில் தன் குதிரைசக்தியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை இழக்கிறது. 160 குதிரைசக்தி எஞ்சின் 130 சொச்சம் தரும். காற்றாடியும் மெலிந்த காற்றைத்தான் பின்னுக்குத் தள்ளுகிறது. கூடுதல் வேகம் வேண்டும், அதை எட்டுவதற்கான இழுப்போ குறைவு. ஆகவே ஓடுதளத்தில் ஓடும் தூரம் கடல் மட்டத்துக்குச் சொல்லப்பட்டதைப்போல ஒன்றரை மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். மேலேறிய பிறகும் ஏறும் வீதம் மந்தம். சின்ன ஓடுதளம், முன்னால் புளியமரம், வண்டியில் மூன்று பேர், டாங்க் முழுக்கப் பெட்ரோல், மே மாதம், மதியம் இரண்டு மணி. இவை தனித்தனியே ஒன்றும் செய்யாது. சேர்ந்து வந்தால்தான் ஆபத்து.

இந்த மெலிந்த காற்றை அழுத்திப் பிசைந்து எஞ்சினுக்கு ஊட்டுவதுதான் டர்போசார்ஜரின் வேலை. ஹன்சா-3 அதை எஞ்சினிலேயே தீர்த்துக்கொண்டது. செஸ்னா 172 போன்ற பழைய பயிற்சி விமானங்களில் விமானியின் கையில் ஒரு சிவப்புக் குமிழ் இருக்கும். எரிபொருளையும் காற்றையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கும். காற்று மெலிந்த இடத்தில் அதே அளவு பெட்ரோலை விட்டால் கலவை செறிந்துபோகும். எஞ்சின் இருமும், சக்தி குறையும். குமிழைக் கொஞ்சம் வெளியே இழுத்து பெட்ரோலைக் குறைக்கவேண்டும். ஓசூரில் பழைய கார்புரேட்டர் வண்டிகளைச் சரிசெய்யும் மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால் புதிதாக எதையும் சொன்னதாக நினைக்கமாட்டார். திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். விமானியும் அதையேதான் செய்கிறார், ஆனால் பறந்துகொண்டே.

புதிதாகக் கற்பவரை அதிகம் ஏமாற்றுவது இன்னொரு கருவி. வேகமானியும் காற்றின் அழுத்தத்தைத்தான் அளக்கிறது, வேகத்தை நேராக அல்ல. காற்று மெலிந்தால் அதுவும் அதே விகிதத்தில் குறைத்துக் காட்டும். இறக்கைக்கு எவ்வளவு குறைகிறதோ கருவிக்கும் அவ்வளவே குறைகிறது. அதனால் கையேட்டில் 55 நாட் (மணிக்கு 55 கடல்மைல்) வேகத்தில் மூக்கைத் தூக்கு என்று போட்டிருந்தால், சென்னையிலும் ஓசூரிலும் முள் 55ஐத் தொடும்போதே தூக்கலாம். மாறுவது தரை. ஓசூரில் முள் 55 காட்டும்போது விமானத்தின் உண்மை வேகம் 60. இறங்கும்போது தரை வழக்கத்தைவிட விரைந்து வருவதாகக் கண்ணுக்குத் தோன்றும். "வேகமாகப் போகிறோமே" என்று நினைத்துக் கண்ணை நம்பி வேகத்தைக் குறைத்தால், இறக்கை தாங்குவதை விட்டுவிடும்.

அப்படி விட்டுவிடுவதற்கு ஆங்கிலத்திலிருந்து வந்த பெயர் ஸ்டால். கார் ஓட்டுபவர்கள் எஞ்சின் நின்றுபோவதைச் சொல்வதற்கும் அதே சொல் இருப்பதால், விமானச் செய்திகளில் இது அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. எஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 15 டிகிரியைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி வழுக்கிப்போகும் காற்று பிய்ந்துகொண்டு சுழலாகிவிடும். தூக்குவிசை சரியும். மெதுவாகப் போகும்போது உயரத்தைக் காப்பாற்ற மூக்கைத் தூக்கிக்கொண்டே போவதால் பெரும்பாலும் குறைந்த வேகத்தில் நேர்கிறது. ஆனால் சரித்துத் திரும்பும்போது நல்ல வேகத்திலும் நேரலாம். 60 டிகிரி சாய்வில் உயரம் குறையாமல் திரும்பினால் இறக்கை விமானத்தின் எடையைப்போல இரண்டு மடங்கைச் சுமக்கிறது. ஸ்டால் ஆகும் வேகம் 41 விழுக்காடு கூடிவிடுகிறது. இதை 3,000, 4,000 அடி மேலே போய் வேண்டுமென்றே செய்துபார்த்து, மீளக் கற்றுத்தருவார்கள். மீள்வதற்கான செய்கை மனித இயல்புக்கு எதிரானது: கீழே விழுகிறோம் என்று உடல் கத்தும்போது மூக்கை இன்னும் கீழே தள்ளவேண்டும். சொல்வது எளிது. கை கேட்பதற்குச் சில நாள் ஆகும்.

உரிமத்தின் சட்டதிட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இதைத் தருவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம், அதாவது டிஜிசிஏ. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 16 வயதும் இருந்தால் மாணவ விமானி உரிமம். தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயது, இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, குறைந்தது 40 மணி நேரப் பறத்தல். அதில் 20 மணி நேரம் தன்னந்தனியாக. விமானச் சட்டம், வழிகாணல், வானிலை, விமானமும் எஞ்சினும் பற்றிய பொதுப் பாடம் ஆகியவற்றில் தேர்வு உண்டு. வானொலியில் பேசுவதற்குத் தனி அனுமதி. இந்த உரிமத்தை வைத்துக்கொண்டு நண்பரையோ வீட்டாரையோ அழைத்துப் போகலாம். கூலி வாங்கக்கூடாது. சம்பளத்துக்கு ஓட்ட வணிக விமானி உரிமம் வேண்டும். அதற்கு 200 மணி நேரம், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், கணிதம்.

நாற்பது மணி நேரத்தில் பெரும்பகுதி வட்டமடிப்பதில் போகும். எழுந்து, ஓடுதளத்தைச் சுற்றி நீள்சதுரமாக வந்து, இறங்கி, மறுபடி எழுந்து. தரையிலிருந்து 1,000 அடி. ஓசூரில் என்றால் முள்ளில் 4,000. சலிப்பான வேலை என்று வெளியிலிருந்து தோன்றும். ஆனால் அந்த ஆறு நிமிடச் சுற்றில் எழுதல், ஏறல், மட்டப் பறத்தல், இறக்கம், தரைதொடல் எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஒரு நாள் சுற்று முடிந்ததும் பயிற்றுநர் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டு, "நீங்களே ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள்" என்பார். முதல் தனிப் பறப்பு. போனவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: விமானம் எதிர்பார்த்ததைவிடச் சட்டென்று மேலே எழுந்துவிட்டது. பக்கத்து இருக்கையின் 70, 80 கிலோ இறங்கிப்போயிருக்கிறது அல்லவா. மெலிந்த காற்றில் அந்த எடையின் மதிப்பு இன்னும் அதிகம்.

ஓடுதளங்கள் ஏன் அந்தந்தத் திசையில் இருக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? பெங்களூரின் பழைய எச்.ஏ.எல். விமான நிலையமும் தேவனஹள்ளியின் கெம்பேகவுடா விமான நிலையமும் கிழக்கு மேற்காகவே ஓடுகின்றன. இரண்டுக்கும் எண் 09, 27. அதாவது காந்த ஊசி 90 டிகிரி, 270 டிகிரி; கடைசிச் சுழியத்தை விட்டுவிடுவார்கள். இந்தப் பீடபூமியில் தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்தும், வாடைக்காலத்தில் கிழக்கிலிருந்தும் வருவதால் இந்த அமைப்பு. காற்றை எதிர்கொண்டு எழுந்தால் குறைந்த தரைவேகத்திலேயே இறக்கைக்கு வேண்டிய காற்று கிடைத்துவிடும்.

பக்கவாட்டுக் காற்றில் என்ன ஆகும் என்பதற்கு, ஓசூரிலிருந்து சேலம் போவதாக ஒரு காகிதக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உரிமத்துக்குத் தனியாக ஊர்விட்டு ஊர் பறந்து காட்டவேண்டும். ஒரு பயணமாவது 150 கடல்மைல், அதாவது 278 கிலோமீட்டர் இருக்கவேண்டும், வழியில் வேறு இரண்டு தளங்களில் இறங்கி நிற்கவேண்டும். பெலகொண்டப்பள்ளியிலிருந்து சேலத்துக்கு, அதாவது ஓமலூர் அருகே கமலாபுரத்தில் உள்ள விமான நிலையத்துக்கு, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 56 கடல்மைல். நூறு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். திசை தெற்கிலிருந்து சற்றே கிழக்கே சாய்ந்தது. 90 நாட் வேகத்தில் 37 நிமிடம். சாலையில் கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர்க் கணவாய் என்று லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துபோகும் தூரம்.

வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது கெலமங்கலத்துக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவே புறப்பட்டு, பென்னாகரம் பக்கமாகப் போய், வலப்புறம் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பளபளப்பு தெரிய, கமலாபுரத்தில் முடியும். ஜூலை மாதம், மேற்கிலிருந்து 15 நாட் காற்று என்று வைத்துக்கொள்வோம். விமானத்தின் மூக்கைக் கோட்டின் திசையிலேயே பிடித்துக்கொண்டு 37 நிமிடம் பறந்தால் என்ன ஆகும்? காற்று என்பது ஆறு மாதிரி. ஆற்றைக் குறுக்கே கடக்கும் பரிசலை நீரோட்டம் இழுப்பதுபோல, விமானம் மூழ்கியிருக்கும் காற்றுத்திரள் முழுவதும் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. விமானத்துக்குள் எதுவும் தெரியாது. குலுக்கல் இல்லை, சாய்வு இல்லை. 37 நிமிடத்தில் நகர்ந்த தூரம் 9 கடல்மைலுக்குச் சற்று மேல். ஏறத்தாழ 17 கிலோமீட்டர்.

கமலாபுரத்துக்குக் கிழக்கே 17 கிலோமீட்டரில் என்ன இருக்கிறது? ஏற்காடு. சேர்வராயன் மலை 1,600 மீட்டரைத் தாண்டுகிறது. அடியில் சொன்னால் 5,250க்கு மேல். கிழக்குப் பக்கத் திசைகளில் கண்பார்வை விதிப்படி பறப்பவருக்கு உரிய மட்டங்களில் ஒன்று 5,500 அடி. கடல் மட்டத்திலிருந்து பார்த்தால் நல்ல உயரம்தான். உயரமானியில் அழுத்தத்தைச் சரியாகத் திருத்தாமல், 8 ஹெக்டோபாஸ்கல் பிசகிவிட்டிருந்தால், ஒன்றுக்கு ஏறத்தாழ 30 அடி வீதம் 240 அடி காலி. மலைக்கும் விமானத்துக்கும் இடையில் இருந்ததே அவ்வளவுதான்.

நல்ல வெயில் நாளில் இப்படி நடக்காது. மலை முன்னாலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். மூட்டமான நாளில்தான் காகிதக் கணக்கு உயிர்க்கணக்காகிறது. அதனால் விமானிகள் கிளம்புமுன்பே காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பி வைக்கிறார்கள். எவ்வளவு திருப்புவது என்பதற்கு 'அறுபதுக்கு ஒன்று' என்று ஒரு விதி இருக்கிறது. 60 மைல் போனால் 1 டிகிரி பிசகுக்கு 1 மைல் விலகல். ஓசூர் சேலம் தூரமும் 60ஐ ஒட்டியே இருப்பதால் மனக்கணக்கிலேயே வந்துவிடும். 9 மைல் விலகல் என்றால் 9, 10 டிகிரி மேற்கே திருப்பு. பாதி வழியில் பென்னாகரம் இடப்பக்கம் தள்ளியிருக்கிறதா, வலப்பக்கமா என்று பார்த்து மறுபடி திருத்து. கையில் ஜிபிஎஸ் இருக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கால்குலேட்டர் வந்த பிறகும் வாய்ப்பாடு தெரிந்தவருக்குத்தான் கடைக்காரர் போட்ட தப்பு சட்டென்று தெரியும்.

காற்று கிடைமட்டமாக மட்டும் நகர்வதில்லை. ஓசூர், தளி வட்டாரத்தை மேலிருந்து பார்த்தால் வெள்ளை வெள்ளையாக பசுமைக்குடில்கள், இடையிடையே உழுதுபோட்ட செம்மண், ஏரிகள், தொழிற்சாலைக் கூரைகள். வெயிலில் இவை ஒரே மாதிரி சூடேறுவதில்லை. உழுத நிலத்துக்கும் கூரைக்கும் மேலே சூடான காற்று குமிழாக எழும்பும். ஏரிக்கு மேலே அடங்கிக்கிடக்கும். ஏரியைத் தாண்டி வயலுக்குமேல் வந்ததும் விமானம் துள்ளும், மறுபடி அமுங்கும். பயிற்சிப் பள்ளிகள் விடிகாலையிலேயே எஞ்சினைக் கிளப்புவதற்குக் காரணம் இதுதான். அப்போது காற்று அடங்கியிருக்கும், குளிர்ந்தும் இருப்பதால் அடர்த்தியும் அதிகம்.

ஆனால் விடிகாலைக்கு இந்தப் பீடபூமியில் வேறொரு வில்லங்கம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டம். இரவில் தரை வெப்பத்தை இழந்து, அதை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து, தரையோடு படுத்துவிடும். எட்டு, ஒன்பது மணிக்குச் சூரியன் ஏறினால்தான் கலையும். தனியார் விமானி உரிமம் பெற்ற புதியவர் கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்கத்தான் அனுமதி பெற்றவர். மூட்டத்துக்குள் புகக்கூடாது. ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால் காரணம் நம் காதுக்குள் இருக்கிறது. உட்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை சுழல்வதை உணர்த்துகின்றன. சுழற்சி தொடங்கினால் திரவம் பின்தங்கும், அதை மூளை திருப்பம் என்று படிக்கும். அதே வேகத்தில் சுழற்சி தொடர்ந்தால் சிறிது நேரத்தில் திரவமும் கூடவே சுழன்று சமநிலைக்கு வந்துவிடும். அப்போது மூளை "நேராகப் போகிறோம்" என்கிறது. விமானம் சாய்ந்து வட்டமடித்துக்கொண்டிருக்கும். அதை நிமிர்த்தினால் மூளைக்கு எதிர்ப்பக்கம் சாய்வதுபோல் இருக்கும். கை தானாகப் பழைய சாய்வுக்கே திருப்பும். வாழ்நாளெல்லாம் நம்மை நிற்கவும் நடக்கவும் வைத்த உறுப்பு, மேகத்துக்குள் பொய் சொல்கிறது.

1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிற்சி இல்லாத 20 பேரிடம், வெளியே எதுவும் தெரியாதபடி செய்து விமானத்தைக் கொடுத்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எடுத்துக்கொண்ட நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. அன்று அந்த ஆராய்ச்சியின் நோக்கம் பயமுறுத்துவது அல்ல. தெரியாமல் மேகத்துக்குள் மாட்டிக்கொண்டவர் கருவியைப் பார்த்து அப்படியே 180 டிகிரி திரும்பி வெளியே வர எளிய வழி ஒன்றைக் கற்பிப்பதே. சொல்லிக்கொடுத்த பிறகு ஏறக்குறைய எல்லோராலும் முடிந்தது.

வானொலி விஷயத்துக்கு வருவோம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் பேசப்படும் ஊர் ஓசூர். விமான வானொலியில் செல்லுபடியாவது நான்காவது ஒன்று: அளந்து எடுத்த ஆங்கிலம். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன உயரம், திசை, ஓடுதள எண் ஆகியவற்றைத் திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னது சரியா என்று அவர்கள் கேட்டுச் சரிபார்ப்பார்கள். பக்கத்தில் வேறு விமானம் இருந்தால் கடிகார முள்ளை வைத்துத் திசை சொல்வார்கள். நேர் எதிரே 12 மணி, வலப்பக்கம் 3 மணி. கைக்கடிகாரம் செய்யும் ஊருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்தக் காதுகொடுத்தல் இந்த எல்லைப் பகுதியில் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகத் தேவை. பெலகொண்டப்பள்ளியிலிருந்து எச்.ஏ.எல். ஓடுதளம் வான்வழியில் ஏறத்தாழ 34 கிலோமீட்டர்தான். அங்கே போர் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் சோதனை ஓட்டம் போகின்றன. அதற்கு வடக்கே ஜக்கூர், எலஹங்கா விமானப்படைத் தளம், தேவனஹள்ளி. ஜூஜூவாடிச் சோதனைச்சாவடியில் முடியும் மாநில எல்லை மேலே இல்லை; மேலே இருப்பது வான்கட்டுப்பாட்டுப் பகுதிகளின் எல்லை. 2024 ஜூனில் தமிழக முதல்வர் ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தபோது இரண்டு சிக்கல்கள் பேசப்பட்டன. ஒன்று வான்வெளி. இன்னொன்று, 2008இல் திறந்த பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தத்தில், 25 ஆண்டுக்கு 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் புதிய விமான நிலையம் கூடாது என்று இருக்கும் ஷரத்து. பயணிகள் விமானம் எப்போது வரும் என்ற பேச்சு நடக்கட்டும். சொந்தமாக ஓட்டக் கற்றுக்கொள்ள நினைப்பவர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. ஜக்கூரில் அரசு விமானப் பயிற்சிப் பள்ளி 1948இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே அங்கே பயிற்சி முடித்தவர் உஷா சுந்தரம். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பெண் விமானிகளில் அவரைத்தான் முன்வைத்துச் சொல்கிறார்கள். கணவர் வி. சுந்தரமும் விமானி, பள்ளியின் பொறுப்பில் இருந்தவர். 1950களின் தொடக்கத்தில் சென்னை அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை இருவரும் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். ஜிபிஎஸ் இல்லை. ஸ்கேல், பென்சில், கடிகாரம், அந்த அறுபதுக்கு ஒன்று.

இன்று ஓசூர், கிருஷ்ணகிரிக்காரருக்கு ஜக்கூர், மைசூரு, புதுச்சேரி, சேலம் எல்லாம் எட்டும் தூரம். ஆனால் பயிற்சிப் பள்ளிகள் திறப்பதும் மூடுவதும் இந்தத் தொழிலில் சகஜம். செலவும் லட்சக்கணக்கில். விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டாதீர்கள். டிஜிசிஏ தன் இணையதளத்தில் அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் பெயர் இருக்கிறதா பாருங்கள். நேரில் போய், பறக்கும் நிலையில் எத்தனை விமானம் நிற்கிறது, எத்தனை மாணவர்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அதற்கும் முன்னால், டிஜிசிஏ ஏற்ற மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்றுக்கான பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறப்பார்வைக் குறைபாடு இருப்பது பணம் கட்டிய பிறகு தெரியவந்தால், அந்தப் பணம் திரும்பி வராது.